கம்புக்கு முன் காலடி: மாத்தளைத் தோட்டங்களில் சிலம்பமும் அதன் சண்டை முறையும்

மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் அம்மன் திருவிழா. கரகம் பாலித்து முடிந்து ஊர்வலம் லயத்துக்கு லயம் நின்று வருகிறது. தப்பு வேகம் எடுக்க எடுக்க, முன்னால் நாலைந்து இளைஞர்கள் கம்பு சுற்றுகிறார்கள். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, வட்டம் மட்டும்தான் தெரிகிறது. சுற்றிலும் கைப்பேசிகள் உயர்கின்றன. என் பக்கத்தில் நின்ற முதியவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். கம்பு நன்றாகத்தான் சுற்றுகிறது, காலில்தான் ஒன்றும் இல்லை என்றார்.

வயதானவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைதானே என்று அப்போது விட்டுவிட்டேன். பிறகு கம்பு பழகியவர்களிடம் கேட்டும், வேறு நாட்டுக் கம்புச் சண்டைகளைப் பார்த்தும் வந்தபோதுதான் அவர் சொன்னதன் கனம் புரிந்தது. நாம் இன்று திருவிழாக்களில் பார்ப்பது சிலம்பத்தின் மேல் தோல். அதற்குள்ளே ஒரு சண்டை முறை இருக்கிறது. அந்த முறை தெரிந்தவர்கள் நம் தோட்டங்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த முறை என்ன, அது எப்படி இங்கே வந்தது, எப்படி அறுந்தது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

கம்பு நடந்து வந்த பாதை

சிலம்பத்துக்கு ஐயாயிரம் வயது என்றும், அகத்தியர் உண்டாக்கியது என்றும் சமூக வலைத்தளங்களில் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. கிடைக்கிற வரலாறே போதுமான அளவு கனமானது.

தென் தமிழ்நாட்டில் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து அறிக்கை வெளியிட்டார். வாளும் வேலும் துப்பாக்கியும் பறிபோயின. ஆனால் ஆடு மேய்ப்பவன் கையிலிருக்கும் கம்பை எந்தச் சட்டத்தால் பறிக்க முடியும்? ஊன்றி நடக்கும்போது அது ஊன்றுகோல், மூட்டையைத் தொங்கவிட்டால் காவடிக் கட்டை. சண்டைக்காரன் கையில் மட்டும்தான் அது ஆயுதம்.

அதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மாவட்டங்களிலிருந்துதான் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைத் திரட்டத் தொடங்கினார்கள். மன்னார், அரிப்புக் கரையில் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்ததற்குக் காரணம் இதுதான். பாம்பும் யானையும் இருந்த அந்தக் காட்டைக் கையில் ஒரு கம்பில்லாமல் யாராவது கடந்திருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகு கம்புக்கு இரண்டு முகம். கங்காணியின் கையில் இருந்ததும் கம்புதான். வேலை முடிந்து அந்தி சாய்ந்ததும் லயத்துக்குப் பின்னால், குப்பி விளக்கு வெளிச்சத்தில், வாத்தியார் சொல்லிக்கொடுத்ததும் கம்புதான். வெற்றிலை பாக்கு வைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, சலாம் வரிசை எடுத்துத்தான் பாடம் தொடங்கும். இந்தப் பாடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சாதி பார்த்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இருந்தார்கள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அரிது. கடைசி வித்தையை யாருக்கும் சொல்லாமல் தன்னோடு கொண்டுபோனவர்களும் உண்டு. அந்த மூன்று பழக்கங்களுக்கும் நாம் இன்று விலை கொடுக்கிறோம்.

எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்ற பெருமை மலையகத்தில் எப்போதும் உண்டு. 1971 இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே அவர் கம்பு சுற்றும் சண்டையைப் பார்த்துவிட்டுக் கம்பு தேடிப் போனவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆனால் திரையில் கமரா பிடித்தது கையைத்தான். காலைக் காட்டவில்லை.

ஒரு கம்பில் என்ன இருக்கிறது

சிலம்பக் கம்பின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். நிமிர்ந்து நின்றால் கம்பு நெற்றியைத் தொட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சராசரி ஆளுக்கு ஐந்தரை அடிக்குக் கிட்ட வரும். மூங்கிலோ பிரம்போ, வளையவும் வேண்டும், உடையவும் கூடாது. இந்த நீளத்திலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கின்றன.

முதலாவது தூரம். கம்பு வட்டமாகச் சுழலும்போது மிக வேகமாகப் போவது அதன் நுனி. கைக்குக் கிட்ட வர வர வேகம் குறையும். அதனால் நுனியிலிருந்து ஒரு சாண் அளவில் படும் அடிதான் அடி. கம்பின் நடுப்பகுதி பட்டால் அது தள்ளல் மட்டுமே. ஆகவே கம்பு வைத்திருப்பவருக்கு உலகம் மூன்று வளையம்: எதிராளி எட்டாத வளையம், நுனி படும் வளையம், நுனியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வளையம். நல்ல ஆட்டக்காரர் முதல் வளையத்தில் நிற்பார், இரண்டாவது வளையத்தில் ஒரு கணம் மட்டும் நுழைந்து அடித்துவிட்டு மீண்டும் வெளியே போவார். மூன்றாவது வளையத்துக்குள் எதிராளி பாய்ந்துவிட்டால் நீளமே பாரமாகிவிடும். அப்போது கம்பைக் குறுக்கிப் பிடித்துக் குத்தவோ, எதிராளியின் கையைப் பூட்டவோ தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சுழற்சி எதற்கு என்ற கேள்வி. அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுழலும் கம்பு ஒரு வேலி. அதற்குள் கையோ கத்தியோ நீட்ட யாரும் தயங்குவார்கள். அதோடு, நின்றுகொண்டிருக்கும் கம்பை ஓங்கி அடிப்பதற்கு நேரம் எடுக்கும், ஓங்குவதை எதிராளி பார்த்தும் விடுவார். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் கம்புக்கு ஓங்கத் தேவையில்லை. வட்டத்தின் எந்த இடத்திலிருந்தும் அது அடியாக மாறலாம். சுழற்சிக்குள் அடியை ஒளித்து வைப்பதுதான் வித்தை. அடி ஒளிந்திருக்காத சுழற்சி வெறும் விசிறி.

மூன்றாவது காலடி. அந்த முதியவர் தேடியது இதைத்தான். பழைய முறையில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே நாட்கணக்கில் காலடி மட்டும் சொல்லிக்கொடுப்பார்கள். மண்ணில் கட்டமோ முக்கோணமோ கீறி, அதன் மூலைகளில் கால் மாற்றி மாற்றி வைத்துப் பழக வேண்டும். பையன்கள் சலித்து ஓடிப்போவார்கள், மிஞ்சுபவர்கள் கற்பார்கள். இதன் அடிப்படை எளிது: அடி வரும் கோட்டிலிருந்து முதலில் உடம்பு விலக வேண்டும், கம்பு பிறகு வந்தால் போதும். நேராகப் பின்வாங்கினால் எதிராளி தொடர்ந்து துரத்தலாம். சாய்வாகப் பக்கத்துக்கு ஒரு அடி வைத்தால் அவருடைய அடி வெறுங்காற்றில் போகும், அவருடைய விலாப்பக்கம் உங்களுக்கு முன்னால் இருக்கும். அடியின் பலமும் காலிலிருந்துதான் ஏறுகிறது. தரையை உதைத்த கால், திரும்பிய இடுப்பு, தோள், கை, கடைசியில் நுனி. கால் நடக்காமல் கை மட்டும் சுற்றினால் அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி இல்லை.

பல பேர் சூழ்ந்தால் என்ன செய்வது என்பது சிலம்பத்தில் தனிப் பாடமே. நடுவில் நிற்பவர் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் தோற்பார். வட்டத்தின் ஓரத்தில் நிற்பவரை நோக்கி நகர்ந்து, அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அப்போது மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும்தான் உங்களை எட்ட முடியும். ஆட்கள் பத்துப் பேரானாலும் சண்டை ஒருவரோடு மட்டும்தான் என்ற நிலையை உண்டாக்குவது காலின் வேலை. கண் எதிராளியின் கம்பு நுனியைப் பின்தொடரக் கூடாது, அது ஏமாற்றும். நெஞ்சையும் தோளையும் பார்த்தால் அடி கிளம்புமுன்பே தெரியும்.

எங்கே அடிப்பது? தலை என்றுதான் தெருச் சண்டைக்காரன் சொல்வான். பழகிய ஆள் முதலில் பார்ப்பது எதிராளியின் மணிக்கட்டு, விரல்கள், பிறகு முழங்கால், கணுக்கால். ஆயுதத்தைப் பிடித்திருக்கும் கையில் அடி விழுந்தால் ஆயுதம் கீழே விழும், சண்டை அங்கேயே முடியும். அந்தக் கைதான் எப்போதும் முன்னால் நீண்டிருக்கும், எனவே அதை அடிக்க நீங்கள் ஆபத்தான தூரத்துக்குள் போகவும் தேவையில்லை.

இதே சிந்தனை பிலிப்பைன்ஸில்

மேலே சொன்னவற்றை வேறொரு நாட்டுக்காரர் வாசித்தால் தன்னுடைய கலையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைப்பார். பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்புச் சண்டைக்கு ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர்கள். அவர்களுடைய பிரம்பு குட்டை, ஏறக்குறைய 28 அங்குலம். அதனால் சண்டை கிட்ட நடக்கும், வெறுங்கையும் அதில் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் தூரத்தை மூன்றாகப் பிரிப்பது, முக்கோணக் காலடி, அடிக்கோட்டிலிருந்து சாய்வாக விலகுவது என அடிப்படைகள் நம்முடையவை போலவே இருக்கின்றன. ஆயுதம் பிடித்த கையை முதலில் அடிப்பதை அவர்கள் ‘பாம்பின் பல்லைப் பிடுங்குவது’ என்கிறார்கள். கடிக்க முடியாத பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை.

ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டு கைகளும் ஒரு கம்பும் உள்ள மனிதர்கள் எங்கே இருந்தாலும் கிட்டத்தட்ட இதே முடிவுகளுக்குத்தான் வந்து சேர்வார்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கள். சிங்களவர்களின் அங்கம்பொரக் கலையிலும் கம்புச் சண்டை உண்டு. நாம் பொல்லு என்பதை அவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. 1906 முதல் பிலிப்பைன்ஸ் ஏழைகளை ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பிறகு கலிபோர்னியாவின் பண்ணைகளுக்கும் போனார்கள். லயங்களைப் போன்ற கூலிக் குடியிருப்புகள், பருவத்துக்குப் பருவம் மாறும் வேலை, வெளியாரின் வெறுப்பு. அந்தக் குடியிருப்புகளுக்குள் எஸ்க்ரிமாவை ஒளித்துத்தான் பழகினார்கள், சொந்தப் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லவில்லை. ஏஞ்சல் கபாலெஸ் என்ற பண்ணைத் தொழிலாளி 1966 இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். ஒளித்து வைத்ததைத் திறந்து வைத்ததற்குத் தன் ஆட்களிடமே ஏச்சு வாங்கியும் அவர் நிறுத்தவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் அந்தக் கலையைப் படிக்கிறார்கள். 2009 இல் பிலிப்பைன்ஸ் அரசு ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டம் போட்டு அறிவித்தது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் சின்னதுதான், ஆனால் பெரிய பலன் தந்தது. அடிகளுக்கு இலக்கம் போட்டார்கள். வலது மேலிருந்து சாய்வாக இறங்கினால் ஒன்று, இடது மேலிருந்து இறங்கினால் இரண்டு என்று போகும். சில பள்ளிகளில் ஐந்து, சிலவற்றில் பன்னிரண்டு. கையில் கம்பா, கத்தியா, வெறுங்கையா என்பது முக்கியமில்லை, வருகிற கோணம்தான் முக்கியம். மொழி தெரியாதவருக்கும் ஒரே மாலையில் அடிப்படையைச் சொல்லிவிடலாம். நம்மிடம் வரிசைகளுக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன, ஆனால் அவை வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். ஒருவர் இறந்தால் அந்தப் பெயர் எந்த அசைவைக் குறித்தது என்பதும் அவரோடு போய்விடுகிறது.

சங்கிலி அறுந்த இடங்கள்

கபாலெஸ் கதவைத் திறந்த காலத்தில் நமக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? 1948 இல் குடியுரிமை பறிபோயிருந்தது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று ஆட்களை எண்ணிப் பங்குபோட்டார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரு லயத்தில் வாத்தியார் போனார், அடுத்த லயத்தில் மாணவன் தங்கினான். கம்புப் பாடம் புத்தகத்தில் இல்லை, இரண்டு உடம்புகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று கப்பல் ஏறினால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

பிறகு 1977, 1983. மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயிலே 83 ஜூலையில் தீக்கிரையானது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் மாத்தளைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறி, மீண்டும் யுத்தத்துக்குள் அகப்பட்டு, 2009 வரை இழக்க வேண்டிய எல்லாவற்றையும் இழந்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய தாத்தா மாத்தளைத் தோட்டமொன்றில் கம்பு பழகியவராக இருக்கலாம்.

மலையிலேயே தங்கியவர்களுக்கும் நிலைமை இலகுவாக இல்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிந்திய மூன்று தசாப்தங்களில், இருட்டிய பிறகு தமிழ் இளைஞர்கள் பத்துப் பேர் ஒரு மறைவிடத்தில் கூடிக் கம்பு பழகுவதை எந்தத் தாய் அனுமதித்திருப்பாள்? யாரும் தடை போடவில்லை, பயமே போதுமானதாக இருந்தது. வெளிச்சத்தில், கோயில் வாசலில், தப்போடு ஆடக்கூடிய பகுதிக்கு மட்டும் ஆபத்தில்லை. அந்தப் பகுதி பிழைத்தது. இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும் பகுதி சுருங்கியது. இன்றைய பையன்களின் காலில் ஒன்றும் இல்லை என்றால் அது அவர்களுடைய சோம்பல் அல்ல. அவர்களுக்குக் கிடைத்ததே பாதிதான்.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அரச வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மலேசியாவிலும் தோட்டத் தமிழர்கள் கொண்டுபோன கம்பு இன்று சங்கங்களாகவும் போட்டிகளாகவும் வளர்ந்திருக்கிறது. பெண் பிள்ளைகள் பெருமளவில் கம்பெடுப்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த மாற்றம்.

ஆனால் போட்டிக்கும் ஒரு விலை இருக்கிறது. தொட்டால் புள்ளி என்ற விதியில் மெல்லத் தொடுவதும் ஓங்கி அடிப்பதும் ஒன்றுதான். அதனால் தன் தலையைத் திறந்துவிட்டு எதிராளியின் காலைத் தொடப் பாய்பவர் வெல்கிறார். உண்மையான கம்பென்றால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். பஞ்சு சுற்றிய பிரம்போடு நடக்கும் ஆர்னிஸ் போட்டிகளைப் பற்றியும் பழைய ஆட்கள் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். முன்பு கம்பு நுனியில் கரியோ சாயமோ தடவி, உடம்பில் எங்கே, எவ்வளவு அழுத்தமாகப் பட்டிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் இருந்தது. அதில் கொஞ்சம் நேர்மை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தோட்டத்திலோ, வன்னியில் உங்கள் கிராமத்திலோ, பழைய வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது, எண்பது வயதில் அவரால் இனி வேகமாகச் சுற்ற முடியாது. அதனால் யாரும் அவரைப் படம் எடுப்பதில்லை. உண்மையில் அவரிடம் இன்னும் இருப்பது காலடிதான், அதற்கு வேகம் தேவையில்லை. தரையில் சுண்ணாம்பால் கட்டம் போடச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்து காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியை இடுப்பளவில் பிடித்துக் கால் முழுவதும் தெரிய எடுங்கள், ஒரு தரம் முன்னாலிருந்து, ஒரு தரம் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு அடியையும் அவர் என்ன பெயரால் சொல்கிறாரோ அதே சொல்லில், அவர் குரலிலேயே பதியுங்கள். திருத்தி எழுதாதீர்கள். பிறகு ஒரு பிள்ளையை அவருக்கு எதிரே கம்போடு நிறுத்தி, இந்த அடி வந்தால் கால் எங்கே போகும் என்று கேளுங்கள். தனியாக நின்று காட்டும்போது மறந்துபோகும் பல விஷயங்கள் எதிரே ஒரு கம்பு வரும்போது அவருடைய உடம்புக்குத் தானாக நினைவு வரும்.

திருவிழா முடிந்த அன்று இரவு அந்த முதியவரிடம் நான் அப்படிக் கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டினார், பெரட்டுக் களத்தின் சிமெந்துத் தரையில் நான்கு அடி வைத்தார், ஐந்தாவது அடியில் நின்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லித்தந்தவர் 1972 இல் இந்தியாவுக்குப் போய்விட்டார்.